தட்டானை அடையாளம் காண நிறம் மட்டும் போதாது

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கிக் கள்ளக்குறிச்சிச் சமவெளியின் ஏரிகளையும் வயல்களையும் நனைக்கிறது. இந்த நீர் போகும் வழியெல்லாம் தட்டான்கள் உண்டு. மலை ஓடை, அணைக்கரை, நெல்வயல், பாறைக் குழி என ஒவ்வோர் இடத்துக்கும் உரிய இனங்கள் இருக்கின்றன. இவற்றைப் படமெடுக்கும் இளைஞர்களும் இப்போது பெருகிவருகிறார்கள். ஆனால், எடுத்த படத்தை வைத்து இன்ன இனம் என்று சொல்ல முடியாமல் போவதே வழக்கம். அழகாக அமைந்த ஒரே கோணத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் காரணம்.

முதலில் தட்டானா, ஊசித்தட்டானா என்று பிரிக்க வேண்டும். ஊசித்தட்டானுக்கு முன்னிறகும் பின்னிறகும் ஒரே வடிவம். கண்கள் தலையின் இரு ஓரங்களில் விலகி நிற்கும். தட்டானின் பின்னிறகு அடியில் அகன்றிருக்கும்.

அடுத்து நிறம். இதுதான் பலரைக் குழப்புகிறது. ஏரிக்கரையில் தென்படும் குரோகோதெமிஸ் செர்வீலியா இனத்தில் முதிர்ந்த ஆண் இரத்தச் சிவப்பு. பெண்ணும் இளம் ஆணும் மஞ்சள். புல்தரையில் உட்காரும் டிப்ளகோடஸ் டிரிவியாலிஸ் ஆண் இளமையில் பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, முதிர்ந்ததும் நீலமாகிவிடும். எனவே நெஞ்சுப் பகுதியின் கோடுகள், இறகு முனையிலுள்ள சிறு புள்ளி, வால் நுனியின் கொக்கிகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கொக்கிகளின் அமைப்பு பூட்டுக்குச் சாவி போல இனத்துக்கு இனம் வேறுபடும். பக்கவாட்டு, மேற்புறம், முகம், வால் நுனி என நான்கு படங்கள் இருந்தால் பெரும்பாலான இனங்களைச் சொல்லிவிடலாம்.

துரத்தினால் படம் கிடைக்காது. பல தட்டான்கள் பறந்து போனாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். நம் நிழல் அதன்மேல் விழாதபடி காத்திருப்பதே நல்ல வழி. காலைக் குளிரில் அவை அதிகம் அசையாது. உச்சி வெயிலில் சில இனங்கள் உடல் சூடாகாமலிருக்க வாலைச் சூரியனை நோக்கி நிமிர்த்தி நிற்கும். பாறையோடு பாறையாகக் கலந்திருக்கும் பிராடினோபைகா ஜெமினாட்டாவைக் கண்டுபிடிக்கத் தனிப் பொறுமை வேண்டும். பாறைக் குழியிலும் சிமென்ட் தொட்டியிலும் தேங்கும் நீரில் வளரும் அதன் இளம்பூச்சிகள் கொசுப்புழுக்களைத் தின்கின்றன.

இந்தியத் தட்டான்களைப் பற்றி எஃப்.சி. ஃபிரேசர் எழுதி 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக வந்த நூலை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் பூச்சியைப் பிடித்துக் கொன்றுதான் பதிவு செய்தார்கள். இன்று பல இனங்களுக்கு நல்ல படமே சான்றாகிறது. மழைக்காலத்தில் கூட்டமாகப் பறக்கும் பன்டாலா ஃபிளாவெசென்ஸ் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவரை போகிறது என்று 2009-இல் சார்லஸ் ஆண்டர்சன் எழுதியதும், மாலத்தீவில் அவை வந்திறங்கும் நாட்களை ஆண்டுதோறும் குறித்துவைத்ததன் பயனே.

கழிவுநீரையும் தாங்கும் பிராக்கிதெமிஸ் கன்டாமினாட்டா மட்டுமே ஓர் ஏரியில் எஞ்சியிருந்தால், அந்த நீரின் நிலையைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு இத்தகைய பதிவுகள் மிகவும் தேவை. தேதி, இடம், நீர்நிலையின் பெயர் மூன்றையும் சேர்த்து உங்கள் படத்தை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றுங்கள். உங்கள் ஊர் ஏரியிலிருந்தே தொடங்குங்கள்.