முதலில் இறக்கு, பிறகு ஏற்று

சென்ட்ரலில் கிளம்பிய ரயில் வேகம் பிடிப்பதற்குள் பேசின் பிரிட்ஜ் வந்துவிடும். ஜன்னல் வழியே பார்த்தால் வரிசை வரிசையாகக் கழுவி நிறுத்திய பெட்டிகள், கறுத்த பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கு அப்பால் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் போகிற கன்டெய்னர் லாரிகள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் இன்னொரு காட்சியும் உண்டு. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். ‘கடந்துவிடலாம்’ என்று இறங்கிய கார் ஒன்று நடுவில் நிற்கும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் ரிகவரி வண்டிக்குப் போன் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர்.

தேவை இருக்கிற இடத்தில் தொழில் முளைக்கும். பழைய வேனையோ லோடு வண்டியையோ வாங்கி, பாடியைக் கழற்றி, ராம்ப் வைத்து, வின்ச் மாட்டினால் ரிகவரி வண்டி தயார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாட்டுவதற்கு முன்னால் ஆர்.சி.யை எடுத்து இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று வெற்று எடை, மற்றது மொத்த எடை. இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் உங்கள் சொத்து.

நம் ஊரில் ‘குட்டி யானை’ என்று செல்லப்பெயர் வாங்கிய டாடா ஏஸையே எடுத்துக்கொள்வோம். 2005இல் வந்த முதல் மாடலின் மொத்த எடை வரம்பு 1,550 கிலோ. அது சுமக்கக்கூடிய சரக்கு முக்கால் டன். மாருதி 800 காரே சுமார் 650 கிலோ. அதை மேலே ஏற்றிவிட்டால் மிச்சம் 100 கிலோ. அதற்குள் ராம்ப், வின்ச், கூடுதல் பேட்டரி, ஜாக்கி, சங்கிலி, கூட வரும் பையன் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அடுத்த அளவுக்குப் போகலாம். 2011இல் வந்த அசோக் லேலண்டின் தோஸ்த் முதல் மாடல் ஒன்றேகால் டன் தாங்கும். 900 கிலோவை ஒட்டிய டிசையர் ஒன்றை ஏற்றினால் மிச்சம் 350 கிலோ. பெரிதாகத் தெரிகிறதல்லவா? பட்டறையில் இரும்பை வெட்டத் தொடங்கினால் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

தீருவது எப்படி என்று பார்ப்போம். 3.6 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் உள்ள மேடை ஒன்று. 3 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 23.5 கிலோ. மேடைத் தகடு மட்டும் 150 கிலோவைத் தாண்டிவிடும்; கீழே தாங்கும் சட்டம் தனிக் கணக்கு.

உடனே எல்லோரும் சொல்வது, ‘அலுமினியம் போடு.’ சரிதான், அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதே 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் காரை ஏற்றினால் தொட்டில் மாதிரி தொய்யும். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பது இங்கே கைகொடுக்கிறது. தடிமனை 4.3 மி.மீ. ஆக்கினாலே இரும்புக்குச் சமமான விறைப்பு கிடைத்துவிடும். எடை 75 கிலோ, அதாவது பாதி. விலைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. கார் மேடையைத் தொடுவது நாலே இடத்தில். நடுவில் இருக்கிற தகடு எதைத் தாங்குகிறது? மெக்கானிக்கின் செருப்பை. அதனால் 45 செ.மீ. அகலத்தில் இரண்டு தடங்கள் மட்டும் போட்டு, நடுவைத் திறந்து விட்டு, குறுக்குச் சட்டங்களால் இணைத்தால் போதும். மாருதி 800இன் நெருக்கமான சக்கரங்களும் இன்னோவாவின் அகன்ற சக்கரங்களும் அந்த இரண்டு தடங்களுக்குள் அடங்கும். தகட்டின் எடை பாதியாகிவிட்டது, சாதாரண இரும்பிலேயே. அலுமினியம் வாங்காமலே அலுமினியத்தின் லாபம்! நடந்து போவதற்கு நடுவில் லேசான கம்பி வலை போட்டுக்கொள்ளலாம்.

சட்டத்துக்கும் இதே புத்திதான். பலகையைப் படுக்க வைத்து மேலே நின்றால் வளையும், நிமிர்த்தி வைத்தால் வளையாது என்பது சாரம் கட்டுகிற எவருக்கும் தெரியும். வளையும்போது மேல் விளிம்பு அழுந்துகிறது, கீழ் விளிம்பு இழுபடுகிறது, நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. மூங்கில் உள்ளே வெற்றாக இருந்தும் தாங்குவது இதனால்தான். லாரி சேஸிஸின் பக்கவாட்டில் ஓட்டைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல், கீழ் விளிம்புகளில் இருக்காது. எடை குறைக்கிறேன் என்று அந்த விளிம்பில் துளை போடுவதோ வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது. விரிசல் அங்கிருந்துதான் ஓடும்.

பழைய பயணிகள் வேனை மாற்றுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சீட்டு, ஏ.சி., கண்ணாடி எல்லாவற்றையும் தாராளமாகக் கழற்றலாம். 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ என்பதால் ஜன்னல்களே கணிசமான சுமை. கூரையில் கை வைப்பதற்கு முன் குனிந்து பாருங்கள். அடியில் தனிச் சேஸிஸ் இருந்தால் பிரச்சினை இல்லை. சில வேன்களில் கூடுதான் சேஸிஸ். கூரையும் பக்கச் சுவரும் சேர்ந்துதான் வண்டியை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. அந்தக் கூரையை அறுத்தால் தீப்பெட்டியின் மேலுறையைக் கத்தரித்த கதைதான்.

இனி வருவதுதான் பலரும் கோட்டை விடுகிற இடம். ஆயிரம் கிலோ குறைத்தாலும், எங்கே குறைத்தோம் என்பதைப் பார்க்காவிட்டால் வண்டி சாலையில் நிற்காது. காரின் முன்சக்கரங்களை மட்டும் தூக்கி இழுக்கிற வகை வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வண்டியின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.5 மீட்டர். தூக்கும் கை பின்னச்சுக்குப் பின்னால் 1.25 மீட்டரில். தொங்குவது 500 கிலோ. பின்னச்சுதான் இங்கே ஏற்றத்தின் நடுக்கட்டை. முன்னச்சிலிருந்து 250 கிலோ காணாமல் போகும். பின்னச்சில் 750 கிலோ ஏறும். தூக்கியது 500, ஏறியது 750! முன்னச்சில் முதலில் 600 கிலோ இருந்திருந்தால் இப்போது 350தான். ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாகும். மழையில் திருப்பினால் வண்டி நேராகப் போகும்.

ஆகவே முன்பக்கத்தில் பம்பரைக் கழற்றி 20 கிலோ மிச்சப்படுத்துவது புத்திசாலித்தனம் ஆகாது. பின்னால் தொங்கும் ஸ்டெப்னியை எடுத்து கேபினுக்குப் பின்புறம் நிறுத்துங்கள். எடை ஒரு கிலோவும் குறையாது, ஆனாலும் வண்டி திருந்திவிடும். டூல் பாக்ஸும் பேட்டரியும் அங்கேயே. கொக்கி, தூக்கும் கை, கடைசிக் குறுக்குச் சட்டம் என்று வால் பக்கம் இருப்பதில்தான் ஒவ்வொரு கிலோவுக்கும் சண்டை போட வேண்டும். 1916இல் அமெரிக்காவின் சாட்டனூகாவில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற பட்டறைக்காரர் உலகின் முதல் ரிகவரி வண்டி என்று சொல்லப்படுவதைக் கட்டியபோது, அடிப்படையாக எடுத்தது பழைய கேடிலாக் காரை. கனமான கார் அது; வாலில் சுமை தொங்கும்போது முன்பக்கத்தை அழுத்திப் பிடிக்க அந்தக் கனம் வேண்டும்.

வின்ச்சில் மிச்சம் பிடிப்பது சுலபம். 10 மி.மீ. இரும்பு ரோப் மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம்; 30 மீட்டருக்கு 12 கிலோ. அதே பலம் உள்ள செயற்கை இழைக் கயிறு 2 கிலோவுக்குள் முடிந்துவிடும். அறுந்தாலும் இரும்பு ரோப் அளவுக்குச் சாட்டையாக அடிக்காது. வெயிலும் கூர்விளிம்பும் அதற்கு ஆகாது, அவ்வளவுதான். ஒரு கப்பியைச் சேர்த்துக்கொண்டால் சின்ன வின்ச்சே இரு மடங்கு இழுக்கும், வேகம் பாதியாகும். அவசரம் யாருக்கு?

வெள்ளத்தில் நின்ற காரை ஏற்றும்போது கதவைத் திறந்து தண்ணீரை வடிய விடுங்கள். இரண்டு சதுர மீட்டர் தரையில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் 200 கிலோ.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஓடப்போகிற வண்டிக்கு உப்புக்காற்றும் ஒரு பயணி. அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டால் சின்ன பேட்டரி போலாகி அலுமினியம் அரிக்கப்படும். இடையே ரப்பரோ பிளாஸ்டிக் வாஷரோ வைக்காமல் போல்ட் போடாதீர்கள்.

‘பின்னால் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டா கூடுதலாகப் போட்டால் தாங்காதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. வண்டி சாயாது, உண்மை. ஆனால் பிரேக், டயர், அச்சு எல்லாம் பழையதுதான், ஆர்.சி.யில் உள்ள எண்ணும் பழையதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எனவே வெட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்வர வேண்டும். வரம்பு மீறி ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

இனி வரும் கார்கள் கனமானவை. நெக்ஸான் மின்சாரக் கார் 1,400 கிலோ அளவில் இருக்கிறது. மின்சாரக் காரின் இயங்கு சக்கரம் தரையில் உருள இழுத்தால் மோட்டார் ஜெனரேட்டராகிச் சூடேறும்; நாலு சக்கரமும் தரையை விட்டு எழ வேண்டும். மேடை வண்டி தவிர்க்க முடியாததாகி வருகிறது.

வேலை முடிந்ததும் டீசலை நிரப்பி, இரண்டு பேர் உட்கார்ந்து, எடை மேடைக்குப் போங்கள். முன்னச்சை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின்னச்சை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு. ஒரு காரை ஏற்றிக்கொண்டு வந்து மறுபடியும் மூன்று. ஆறு சீட்டையும் ஆர்.சி.யோடு சேர்த்து டேஷ்போர்டில் வையுங்கள். அடுத்த முறை இன்னோவாக்காரர் போன் செய்யும்போது, ‘வர்றேன்’ என்பதா ‘பெரிய வண்டி அனுப்புறேன்’ என்பதா என்று அதைப் பார்த்துச் சொல்லலாம்.