பழைய முழுச்சட்டக் காமிரா

நம் சங்கத்து நண்பர்கள் சிலர் என்னிடம் அடிக்கடி ஒரு வினா விடுக்கின்றனர். இருபது ஆண்டுக்கு முந்திய காமிராவைக் கழுத்தில் மாட்டித் திரிகிறாயே, கைப்பேசியே போதாதோ என்பது அவ்வினா. கேலி கலந்த வினாதான். ஆயினும் விடை கூறத் தக்கது. முன்னர்ச் செல்வர் மட்டும் வாங்கிய இக்காமிராக்கள் இன்று பழைய பொருளாக மாணவர் கைக்கெட்டும் விலைக்கு வருகின்றன. குணமும் குற்றமும் அறிந்தே பணத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும்.

என்னுடையது 2005ஆம் ஆண்டில் வெளிவந்த கானன் 5டி. பழைய படச்சுருளில் ஒரு படம் 36க்கு 24 மில்லிமீட்டர் அளவில் விழும். அவ்வளவுக்கே ஒளியுணர் தகடு உடையதை முழுச்சட்டக் காமிரா என்கிறோம். சிறுவகைக் கானன் காமிராக்களின் தகடு பரப்பில் இதன் ஐந்தில் இரண்டு பங்கே.

அதனால் என்ன பயன்? கிழக்குக் கோட்டைக்குச் சென்று பத்மநாபசுவாமி கோயிற் கோபுரத்தின் ஏழு நிலையும் அடங்கப் படமெடுத்துப் பாருங்கள். 24 மி.மீ. லென்ஸ் இதில் தன் முழு அகலத்தையும் காட்டும்; சிறு தகட்டிலோ 38 மி.மீ. லென்ஸ்போலச் சுருங்கும். பின்னே நகர்ந்தால் அடங்கும். ஆனால் மின்கம்பியும் ஆட்டோவும் நடுவே வந்து நிற்கும்!

இதன் தகட்டில் உள்ள புள்ளிகள் ஒரு கோடியே 28 இலட்சந்தான். இன்றைய கைப்பேசி விளம்பரங்களைக் கண்டவர்க்கு இது நகைப்பூட்டும். ஆனால் புள்ளி ஒவ்வொன்றும் பெரிது. ஒளியை நிறைய வாங்கும். முகத்தின் நிறம் இயல்பாக வருகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டாலும் படம் பதினான்கு அங்குல நீளத்துக்குக் குறையாது. நம் மலரின் அட்டைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? தமிழ் மாணவர்க்கு மற்றொரு பயனும் உண்டு. கல்வெட்டின்மீது பக்கவாட்டில் வெயில் விழுகையில் முக்காலியில் நிறுத்தி எடுத்தால், தேய்ந்த எழுத்தின் விளிம்பும் தெளிவாக விழுகிறது.

இனிக் குற்றங்கள். அசையும் படம் இதில் எடுக்க இயலாது. அது வேண்டுவோர் 2008இல் வந்த இரண்டாம் பதிப்பையே நாடுக. நொடிக்கு மூன்று படம் என்பதால் பந்தாட்டத்துக்கு உதவாது. ஐ.எஸ்.ஓ. 3200க்கு மேல் ஏறாது. ஆண்டுவிழா நாடகத்தில் விளக்கை மங்கவிட்டால் நாம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பின்புறத் திரையோ மிகச் சிறிது; அதில் அழகாய்த் தோன்றும் படம் கணினியில் குவியம் தவறி நிற்பதுண்டு. லென்ஸின்றியே எடை 810 கிராம்.

தகட்டுத் தூசியைத் தானே உதறும் ஏற்பாடும் இதில் இல்லை. ஆற்றுக்கால் பொங்கலன்று தெருவெல்லாம் அடுப்புப் புகை எழும்போது லென்ஸை மாற்றினால், அன்றுமுதல் வானமெங்கும் கரும்புள்ளிதான். அந்நாளில் ஒரே லென்ஸுடன் செல்வதே என் வழக்கம்.

இந்நகரில் இவற்றினும் பெரும் பகை ஈரக்காற்று. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் நம்மீது பொழிகின்றன. பீரோவில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை நூல்போலப் படரும். காற்றுப்புகாப் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வாங்கச் சில நூறு ரூபாய் ஒதுக்காதவர் காமிராவே வாங்கவேண்டாம்.

வாங்கச் செல்வோர் ஒரு டார்ச்சு விளக்கை எடுத்துச் செல்க. லென்ஸினுள் ஒளிபாய்ச்சினால் பூஞ்சை தெரிந்துவிடும். பின்னர், துளையை எஃப் 16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் தகட்டுத் தூசி புலப்படும். இவ்வகையிற் சிலவற்றில் உட்கண்ணாடி பசைவிட்டுக் கழன்றதுண்டு. கம்பெனியாரே முன்பு அதனை இலவசமாகச் சீர்செய்து தந்தனர். அது செய்யப்பெற்றதா என உடையவரைக் கேட்டறிக. திரைக்கதவு ஓரிலட்சம் படத்துக்கென அமைந்தது. எத்தனை எடுத்தாயிற்று என்பதைப் படக்கோப்பு சொல்லாது. ஆதலால் உடலுக்குக் குறைவாகவும் லென்ஸுக்குத் தாராளமாகவும் செலவிடுவதே என் கட்சி. 1987 முதல் வந்த ஈ.எஃப். லென்ஸுகள் இதிலும் பொருந்தும். இடையிணைப்பு ஒன்று இருந்தால் கானனின் இன்றைய கண்ணாடியில்லாக் காமிராக்களிலும் பொருந்தும்.