மதுரையின் பழைய 'மால்'

'மால்' என்றால் மதுரைக்காரர்களுக்கு ஒரு காலத்தில் அழகர் மலைத் திருமால் ஒருவரைத்தான் தெரியும். 2012-ல் வைகைக்கு வடகரையில், சின்னச் சொக்கிகுளத்தில் 'விஷால் டி மால்' திறந்த பிறகு இன்னொரு மாலும் பழக்கமாகி விட்டது. துணி, செருப்பு, சினிமா, சிற்றுண்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ்! "இந்த மாதிரி நம் ஊரில் எப்போது இருந்தது?" என்று அதிசயப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம் இருக்கிறதே, அது என்னவாம்?

மால் என்ற சங்கதிக்கு மூல புருஷர் விக்டர் க்ரூயன். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கட்டிட நிபுணர். மினியாபொலிஸ் நகருக்கு வெளியே, பனியும் வெயிலும் அண்டாதபடி முழுவதும் மூடிய சௌத்டேல் கடை வளாகம் அவர் திட்டப்படி 1956-ல் திறக்கப்பட்டது. எதற்கெடுத்தாலும் காரில் ஏறும் புறநகர் ஜனங்கள், வியன்னாவில் போல் காலார நடந்து, நாலு பேரைக் கண்டு பேச வேண்டும் என்பது அவருடைய ஆசை.

நம் புது மண்டபமும் வெயிலுக்காகக் கட்டியதுதான். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், வசந்த விழாவுக்காக எழுப்பியது. 333 அடி நீளம், 124 கல் தூண்கள். வைகாசி வெப்பம் தாக்காமல் இருக்கச் சுற்றிலும் தண்ணீர் நிற்க அகழி போல் ஓர் அமைப்பு. அந்தக் காலத்து ஏர்கண்டிஷன்! நானூறு வயசு நெருங்கியும் பெயர் மட்டும் இன்னும் 'புது'தான்.

அந்தத் தூண்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகக் கடைகள் நடந்தன. வளையல், குங்குமம், பித்தளைப் பாத்திரம், பாட்டுப் புத்தகம், ஜோசியப் புத்தகம் என்று என்ன இல்லை அங்கே? எல்லாவற்றுக்கும் மேல் தையற்காரர்கள். ரவிக்கைத் துணியையும் அளவு ரவிக்கையையும் நீட்டி, "அம்மனைப் பார்த்துட்டு வந்துடறேன் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனால், தரிசனம் முடிவதற்குள் ரவிக்கை தயாராகிவிடும். தூணில் நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்க, தூணடியில் மெஷின் கடகடவென்று ஓடும். சித்திரைத் திருவிழா வந்தால் அழகருக்கு வேஷம் கட்டும் பக்தர்களின் சல்லடமும் உருமாலும் அங்கேதான் தைத்தாக வேண்டும். அதைத் தைத்துக் கொடுத்தவர்களில் முஸ்லிம்கள் அநேகம் பேர். இதை ஒரு பெரிய விஷயமாக மதுரையில் யாரும் நினைத்ததில்லை.

2018 பிப்ரவரி 2-ம் தேதி இரவு கோயிலுக்குள் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கோயிலுக்குள் இருந்த கடைகள் அகன்றன. புது மண்டபத்துக் கடைகளையும் மாற்ற முடிவாயிற்று. பக்கத்தில் பழைய குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் மாநகராட்சி கட்டிய மாடிக் கட்டிடத்தில் இடம் கொடுத்தார்கள்.

சிற்பங்களின் மேல் துணியையும் தட்டியையும் மாட்டி வைத்தது சரியில்லை என்பது வாஸ்தவம். கல்லுக்கு விமோசனம் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் கோயில் வாசலில் கால் தானாக நுழைந்த கடை வேறு, தேடிக்கொண்டு மாடி ஏற வேண்டிய கடை வேறு. ஒரு ரவிக்கைக் கூலியில் பிழைக்கிறவருக்கு இந்த வித்தியாசம் லேசானதல்ல.

மாலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டியை லிப்டில் ஏற்றலாம். கைக்குழந்தையோடு சற்று உட்காரலாம். சுத்தமான கழிப்பறை இருக்கிறது. புது மண்டபத்தில் கால் கடுக்க நின்ற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதன் அருமையைச் சொல்வாள். ஆனால் அளவு ரவிக்கையை நீட்டி, "கை கொஞ்சம் பிடிக்குது பாய், தளர்த்தி வையுங்க" என்று சொல்ல மாலில் யார் இருக்கிறார்கள்?

மதுரைக்குப் போகிறவர்கள் குன்னத்தூர் சத்திரம் எங்கே என்று விசாரித்து ஒரு நடை போய் வாருங்கள். அளவு ரவிக்கையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.