பெயரும் இருப்பிடமும்: லினக்ஸ் கணினியில் பென்டிரைவை இனங்காணுதல்

மலைநாட்டுத் தோட்ட லயங்களில் வாழும் உறவினருக்குக் கடிதம் எழுதியோர் ஒரு குறையை நன்கு அறிவர். காம்பிராவுக்கெனத் தனி முகவரி இல்லாதவிடத்து ஆளின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், பிரிவின் பெயரையும் எழுதிவிடுவோம். கடிதம் தோட்ட அலுவலகத்தை அடையும். ஒரே பெயருடையார் இருவர் இருப்பின் அது எவர் கைக்குச் சேரும் என்பது கொண்டு செல்பவரின் நினைவைப் பொறுத்தது. லினக்ஸ் இயங்கும் கணினியில் ஒரேவகைப் பென்டிரைவுகள் நான்கைந்தைச் செருகுவோர்க்கும் இச்சிக்கலே நேர்கிறது.

இது அற்ப விடயமன்று. இணையம் சரிவரக் கிட்டாத தோட்டப் பாடசாலையொன்றுக்கு லினக்ஸைக் கொண்டு சேர்க்க வேண்டின், பதுளையிலேயே பென்டிரைவுகள் பலவற்றில் அதனை எழுதி அனுப்புதல் எளிய வழியாகும். எழுதுங்கால் பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துபடும். இடந்தவறி எழுதினால் ஒரு மாணவன் ஆண்டு முழுதும் தொகுத்த குறிப்புகள் மீளாமற் போகலாம்.

லினக்ஸ் இவற்றுக்கு எஸ்.டி.பி., எஸ்.டி.சி. என்றவாறு பெயரிடுகிறது. இவை கண்ட வரிசையில் இட்ட பெயர்களேயாகும். பிரட்டுக்கு முந்தி வந்தவர்க்கு முதலிலக்கம் என்பது போன்றது. இன்று எஸ்.டி.பி. எனப்பட்டது நாளை எஸ்.டி.சி. ஆகலாம். தொடரிலக்கத்தை நம்பலாமோவெனின், மலிவுச் சரக்குகளிற் பல ஒரே இலக்கத்தைத் தாங்கி வருவதுண்டு. ஆதலின் எந்த யு.எஸ்.பி. துவாரத்தில் இருக்கின்றது என்பதே உறுதியான அடையாளம்.

அதனை அறியும் வழி லினக்ஸிலேயே உண்டு. 'டெவ்' என்னும் அடைவில் 'டிஸ்க்' என்பதனுள் 'பை-பாத்' என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பென்டிரைவுக்கும் அது இணைந்துள்ள வழியைக் கூறும் நீண்ட பெயரும், அப்பெயர் சுட்டும் எஸ்.டி.பி. முதலிய குறும்பெயரும் அருகருகே காணப்படும். நீண்ட பெயரின் நடுவே 4.2 போன்றதோர் எண் வரும். பண்டாரவளை, எல்ல, தெமோதரை என நிலையங்களை முறையே சொல்லிப் பதுளைக்கு வருவது போல இதனை வாசித்தல் வேண்டும்: கணினியின் நான்காம் துவாரம், அதிற் செருகிய ஹப்பின் இரண்டாம் துவாரம். எல்.எஸ்.யு.எஸ்.பி. என்னும் கட்டளையோடு 'டி' என்ற தெரிவைச் சேர்த்தால் இவ்விணைப்புகள் யாவும் கிளை விரித்த மரம்போல் திரையில் தோன்றும்.

ஆயினும் நான்காம் துவாரம் முன்புறத்ததோ பின்புறத்ததோ என்பதைக் கணினி சொல்லாது. பெட்டியின் மேல் எண் பொறிக்கப்படுவதுமில்லை. எண்வரிசை செய்தவர் விருப்பம் போல் அமைந்திருக்கும். ஒரே பென்டிரைவை ஒவ்வொரு துவாரத்திலும் மாறி மாறிச் செருகி, தோன்றும் எண்ணைத் தாளில் எழுதி அவ்விடத்தே ஒட்டிவிடுவதைவிட நல்ல வழி நாம் அறிந்தவரை இல்லை.

இவ்வேலையில் மயக்கந் தருவதொன்று உண்டு. 2008ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட யு.எஸ்.பி. 3.0 முறைப்படி அமைந்த துவாரத்தில், பெரும்பாலும் நீலநிறத்தது, பழைய முறைக்கும் புதிய முறைக்கும் வெவ்வேறு கம்பிகள் உள. ஆகவே ஒரே துவாரம் பழைய பென்டிரைவுக்கு ஓரெண்ணையும் புதியதற்கு வேறோரெண்ணையும் காட்டக்கூடும். இரண்டையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

எழுதும் கட்டளைக்கும் குறும்பெயரை விடுத்து இந்நீண்ட பெயரையே கொடுக்கலாம். 'பார்ட்' என்ற சொல்லும் ஓர் இலக்கமுமாக முடியும் பெயர் பென்டிரைவின் ஒரு கூற்றை மாத்திரமே குறிக்கும். அஃதின்றி முடிவதே முழுமையைக் குறிக்கும்.