பதினேழு வயதில் கர்ப்பம்: வழக்குக்குப் பயந்து மறைக்கலாமா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போனால் ஆதார் அட்டையைக் கேட்பார்கள். பிறந்த வருடத்தைப் பார்த்துச் செவிலியர் நிமிர்ந்ததும் கூட வந்த அம்மாவுக்கு வியர்த்துவிடுகிறது. "இருங்க சிஸ்டர், அவங்கப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்" என்று மகளை இழுத்துக்கொண்டு போகிறவர் பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை. பதிவு இல்லையென்றால் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் இல்லை. தமிழ்நாட்டில் அது இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. இரும்புச்சத்து மாத்திரையும் ரத்த அழுத்தப் பரிசோதனையும் தவறிப்போகும். வளர்ந்து முடியாத உடம்பில் ரத்தசோகையும் கர்ப்பகால வலிப்பும் வரும் ஆபத்து கூடுதல். மற்ற எவரையும்விட அவளுக்குத்தான் இந்தக் கவனிப்பு தேவை.

அடுத்து நடப்பது அவசரக் கல்யாணம். ஊர் வாய்க்குப் பயந்து பெரியவர்கள் பேசி முடித்துவிடுகிறார்கள். இதனால் எந்தச் சிக்கலும் தீர்வதில்லை. 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்தால் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை உண்டு. தாலி ஏறிவிட்டால் வழக்கு வராது என்று நம்புவதும் தவறு. 18 வயதுக்குட்பட்ட மனைவியுடன் கொள்ளும் உறவும் வன்புணர்வே என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்துவிட்டது. பெண்ணின் படிப்பு நின்றுபோகிறது. காதலித்த பையன் சிறைக்குப் போகிறான். கைக்குழந்தையோடு அவள் பிறந்த வீட்டின் பின்கட்டில் ஒடுங்கிவிடுகிறாள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி, சிறுமியின் கர்ப்பம் பற்றி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது உண்மைதான். அந்தப் பயத்தில்தான் பல குடும்பங்கள் மருந்துக்கடை மாத்திரையையும் நாட்டு மருந்தையும் தேடி ஓடி, ரத்தப்போக்கில் பெண்ணைப் பறிகொடுக்கும் நிலைக்கு வருகின்றன. அவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளது பெயரையோ அடையாளத்தையோ மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. பாதுகாவலரின் சம்மதத்தோடு கருவைக் கலைக்க 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். 24 வாரம் வரை இருவர் கருத்து வேண்டும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் நீதிமன்றப் படியேற வேண்டிவரும். ஆகவே நாள் தள்ளிப்போனது தெரிந்த வாரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தை பிறந்து, வளர்க்க வழியில்லை என்றால் யாரிடமோ காசுக்குக் கைமாற்றிவிடாதீர்கள், அது குற்றம். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறித் திரும்பக் கேட்க 60 நாள் அவகாசமும் இருக்கிறது.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். கல்யாணமே முடிந்துபோயிருந்தாலும், அவளுக்கு 18 நிரம்பியதிலிருந்து 2 ஆண்டுக்குள் அதைச் செல்லாததாக்கக் கோரி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அப்படி ரத்தானாலும் குழந்தை சட்டப்படியான வாரிசுதான். பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். பாதியில் நின்ற பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதி முடிக்கலாம்.