சூடு கேட்பவர் பக்கத்தில் இருந்தால் விறகும் எரிவாயுவே

அடுப்பில் தணலாய்க் கிடப்பது கரி. தீநாக்காய் நெளிவது, சூடேறிய விறகிலிருந்து கிளம்பும் வாயு. அந்த வாயுவை அங்கேயே எரியவிடாமல் குழாய்வழி கொண்டுபோய் வேண்டிய இடத்தில் எரிப்பதே வாயுவாக்கம். விறகு முழுதாக எரியத் தேவையான காற்றில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் மூடிய உலைக்குள் விடுவார்கள். ஒரு பகுதி எரிந்து தரும் சூட்டில் மிச்ச விறகு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாகிவிடும். ஏறத்தாழப் பாதி நைட்ரஜன் என்பதால், இதன் எரிதிறன் இயற்கை எரிவாயுவில் எட்டில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். ஆனாலும் குளிரவைத்து, தாரையும் தூசியையும் நீக்கினால் எஞ்சினை ஓட்டும்.

இதற்கென்றே மரம் பயிரிட்டால் என்ன என்ற கேள்விக்கு இரண்டு ஊர்கள் இரண்டு பதில் சொல்கின்றன. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் மின்சாரம் எட்டாதிருந்த சிற்றூர் ஹோசஹள்ளி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1988இல் அங்கே சிறிய வாயுவாக்கியை நிறுவி, விறகுக்காகக் காடும் வளர்த்தது. டீசலோடு இந்த வாயுவையும் சேர்த்து ஓடிய எஞ்சின், விளக்கையும் குடிநீர்ப் பம்பையும் மாவு மில்லையும் இயக்கியது. இங்கிலாந்தின் எக்பரோவிலோ, வில்லோ மரத்தை நம்பி 8 மெகாவாட் நிலையம் எழுந்தது. ஒழுங்காக ஓடத் தொடங்குமுன்பே, 2002இல் அதை நடத்திய நிறுவனம் திவாலானது. நட்ட மரத்தை ஓராண்டில் மாற்ற முடியுமா? வாங்க இருந்த ஒரே ஆளும் போனதில், அந்த நிலையத்தை நம்பிப் பயிரிட்ட உழவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

சோறு விளையும் நிலத்தில் விறகா என்று கேட்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு 10 டன் காய்ந்த விறகு தரும் 1 ஹெக்டேர் தோட்டத்தில் அதிகம் போனால் 10,000 யூனிட் மின்சாரம் தேறும். அதே நிலத்தில் சூரியத் தகடுகள் பல லட்சம் யூனிட் தரும். ஆகவே மின்சாரத்துக்காக மட்டும் நல்ல நிலத்தில் மரம் நடுவது நட்டக் கணக்கு. ஆனால் சூடாகவே பயன்படுத்தினால் கணக்கு மாறும். எஞ்சினில் பெரும்பகுதி வீணாகும் ஆற்றல், உலையிலும் உலர்த்தும் அறையிலும் நேராக வேலைக்கு வரும். தாரும் அவ்வளவு தொல்லை தராது. தமிழ்நாட்டு நகராட்சிகள் பலவற்றின் எரிவாயுத் தகனமேடைகளில் இருப்பதும் இந்த வாயுவாக்கிதான். திறந்த சிதையைவிடக் குறைந்த விறகில் அங்கே வேலை முடிகிறது. கார்பன் மோனாக்சைடு நஞ்சாயிற்றே என்றால், உண்மைதான். கசிவில்லாத குழாயும் காற்றோட்டமான கூடமும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத இடத்தில் இதை வைக்கவே கூடாது.

விறகை மலிவாக நெடுந்தூரம் சுமக்க முடியாது, வாயுவையோ சேமித்துவைப்பது கடினம். எனவே மரமும் உலையும் அருகருகே இருக்க வேண்டும். எரிபொருள் பயிர் இடச் சொல்லி யாராவது வந்தால், மானியம் எவ்வளவு என்று கேட்கும் முன், சூடு வாங்குபவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்று கேளுங்கள்.