படிக்கட்டின் அடிவயிறு
கல்லும் கலவையும் - 17

மொட்டைமாடிக்குப் போகும் வெளிப்படிக்கட்டில் ஏறிப் பார்த்தால் அதன் உடல்நிலை தெரியாது. கீழே நின்று அண்ணாந்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கம்பி ஓடும் திசையிலேயே நூல் பிடித்தாற்போல ஒரு விரிசல், அதன் ஓரமாகத் தேநீர்க் கறை நிறத்தில் ஒரு கோடு, கொஞ்சம் தள்ளி உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்த இடம், அதற்குள் அப்பளம் அப்பளமாக உரிந்து நிற்கும் கம்பி. தமிழ்நாட்டில் 20, 25 வயதைத் தாண்டிய வீடுகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி. இதற்கு நாம் செய்யும் வைத்தியமும் பழகிப்போன ஒன்றுதான். தொங்கும் காரையைத் தட்டிவிட்டு, சிமெண்ட் பால் அடித்து, கெட்டிக் கலவையை அப்பி, மட்டப்பலகையால் இழுத்து, வெள்ளையடித்துவிடுகிறோம். சில மழைக்காலம் தாங்கும். பிறகு அப்பிய துண்டு கழன்று விழும்; அல்லது அது அப்படியே இருக்க, பக்கத்து இடம் புடைக்கும். இந்தப் பூச்சு, முழுதாகச் சரிசெய்யாவிட்டாலும் பழுதைத் தள்ளியாவது போடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். பல சமயம் அது பழுதை வேகப்படுத்துகிறது என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

கம்பியிலிருந்து தொடங்குவோம். நல்ல கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 12-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகி, ஈரமும் காற்றும் இருந்தாலும் துருப்பிடிக்க விடாமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே மெல்லப் புகுந்து அந்தக் காரத்தைத் தணிக்கிறது. பி.எச். 9-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் படலம் நிற்காது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உயிரோடிருக்கும் உட்பகுதி பன்னீர் ரோஜா நிறத்துக்கு மாறும். காரம் போன வெளிப்பட்டை நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு கம்பியைத் தொட்டுவிட்டதா, தாண்டிவிட்டதா என்பதில்தான் அந்தப் படிக்கட்டின் மீதி ஆயுள் இருக்கிறது. தாண்டிவிட்டால் ஈரம் படும்போதெல்லாம் துரு வளரும். தான் தின்ற இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு இடம் அதற்கு வேண்டும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்காது. உள்ளிருந்து நெம்பும்போது கம்பியின் நீளத்துக்கே வெடித்துவிடுகிறது.

அந்தக் கோடு உள்ளே நகரும் கணக்கையும் கவனிக்க வேண்டும். ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. 20 மி.மீ. கடக்க 20 ஆண்டு ஆகும் கான்கிரீட்டில் 10 மி.மீ. கடக்க 10 ஆண்டு ஆகாது, 5 ஆண்டே போதும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமல், கைக்குக் கிடைத்த ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்துக் கான்கிரீட் போட்ட அந்த ஒரு நாள் காலையில் கம்பி மறைவு, அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், பாதியாகி, படிக்கட்டின் ஆயுள் கால்வாசியாகிவிடலாம். கடலோரத்தில் இதோடு உப்பும் சேர்கிறது. உப்பிலுள்ள குளோரைடுக்குக் காரம் தணியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படலத்தை நேராகவே துளைத்துவிடும். அதனால்தான் ஐ.எஸ். 456 என்ற நம் கான்கிரீட் விதிநூல், கடுமையில்லாத சூழலில் 20 மி.மீ. போதும் என்று சொல்லும் கம்பி மறைவை, கடற்காற்று நேராகப் படும் சூழலில் 45 மி.மீ. ஆக்கி, கான்கிரீட்டையும் குறைந்தது எம்30 தரத்தில் கேட்கிறது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம்போல நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்த ஊர்களில், வீட்டு போர்வெல் தண்ணீரைச் சோதிக்காமல் கலவைக்கு ஊற்றுவது துருவைக் கட்டும்போதே உள்ளே வைத்துப் பூசுவதுதான். "அந்தக் காலத்துப் படியெல்லாம் நூறு வருஷம் நின்றதே" என்று கேட்பவர்கள் உண்டு. நின்றது உண்மை. கருங்கல் படிக்குள் துருப்பிடிக்கக் கம்பி இல்லை.

இனி, பூச்சு ஏன் கெடுதலாகிறது என்பதற்கு வருகிறேன். துருப்பிடிப்பது மின்வேதி வினை. கம்பியின் ஓர் இடம் கரையும்போது, அதோடு தொடர்ந்து ஓடும் பக்கத்து இடங்கள் அந்தக் கரைதலாலேயே காக்கப்படுகின்றன. கப்பலின் அடியில் துத்தநாகத் துண்டைப் பொருத்தி, அதைக் கரையவிட்டு இரும்பைக் காப்பாற்றுகிறார்களே, அதே விஷயம். உப்பு ஏறிய படியில் கரைந்துகொண்டிருந்த இடத்தை மட்டும் கொத்தி, காரம் நிறைந்த புதுக் கலவையால் மூடினால் அந்த இடம் பத்திரமாகிவிடும். இதுவரை அதன் தயவில் தப்பித்திருந்த பக்கத்து இடங்கள், உப்பும் அங்கேயே இருப்பதால், கரையத் தொடங்கும். ஒட்டுப் போட்ட துண்டைச் சுற்றி வளையம் போட்டாற்போலப் புது விரிசல் வருவது இதனால்தான். பழி கொத்தனார் மேல் விழுகிறது. அவர் கை வேலையில் ஒரு குறையும் இல்லாமலே இது நடக்கும். வெடித்த அளவுக்கு மட்டும் கொத்தலாம் என்று தீர்மானித்ததுதான் தவறு.

ஆகவே முதல் வேலை தட்டிப் பார்ப்பது. சிறு சுத்தியலால் படி முழுக்க, அடியிலுள்ள சாய்பலகை முழுக்கத் தட்ட வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விட்டுப்போன இடம் பொத்துப் பொத்தென்று சொல்லும். பொத்தென்ற எல்லையைச் சாக்பீஸால் வரைந்து, அதையும் தாண்டி, துருவில்லாத கம்பி கண்ணில் படும்வரை திறக்க வேண்டும். ஓரங்களை ஓட்டாஞ்சில்லிபோலச் சரிவாக விடாமல் கட்டிங் மெஷினால் செங்குத்தாக வெட்ட வேண்டும். சரிவான ஓரத்தில் கலவை காகிதக் கனத்துக்கு மெலிந்து முதலில் அங்கேதான் உரியும். எல்லாவற்றையும்விடப் பெரிதாக நான் நினைப்பது கம்பியின் முதுகை. முன்பக்கத் துருவை மட்டும் சுரண்டிவிட்டுத் துருநீக்கித் திரவம் பூசுவது வழக்கம். பின்பக்கம் பழைய கான்கிரீட்டில் புதைந்தே இருக்கும். துரு அங்கிருந்து தொடரும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் இடைவெளி விட்டுக் கொத்தி, சுற்றளவு முழுவதையும் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்த பிறகே எந்தப் பூச்சுக்கும் பொருள் உண்டு. கண்ணுக்குத் தெரியும்படி கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டித்தான் ஆக வேண்டும். கலவையில் சிமெண்டைக் கூட்டினால் பலம் கூடும் என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. சிமெண்ட் மிகுந்த கலவை காயும்போது அதிகமாகச் சுருங்கி, பழைய கான்கிரீட்டின் விளிம்பிலிருந்து விலகும். அந்த முடியளவு பிளவில் அடுத்த மழை இறங்கும்.

இவ்வளவு கொத்தினால் படியே விழுந்துவிடாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. சில படிகள் விழும். சுவரிலிருந்து ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் படிகளில் பாரம் தாங்கும் கம்பி மேற்பக்கம் ஓடுகிறது. மேலே கொத்துவது அதன் பிடியையே எடுப்பது. இரு முனையிலும் தாங்கி நிற்கும் சாய்பலகைப் படிக்கட்டில் அது அடிப்பக்கம் இருக்கிறது. எது எந்த வகை என்று தெரிந்து, அடியில் முட்டுக் கொடுத்த பிறகே உளியை எடுக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு பொறியாளர் வந்து பார்ப்பதற்கு ஆகும் பணத்தை வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம். பூச்சுக்கு ஆவதைவிட இந்த முறைக்குச் செலவு கூடும் என்பதையும் நான் மறுக்கவில்லை. திரும்பத் திரும்பப் பூசும் கூலியையும், அந்த இடைவெளியில் கம்பி இழக்கும் கனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டால் போயிற்று என்பது இன்னொரு யோசனை. இடுக்கு வழியே இறங்கிய தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் தங்கி, காய வழியில்லாமல் கம்பிக்குத்தான் போகும். படியின் கணக்கும் கெடும். கலவையும் டைல்ஸுமாக எல்லாப் படியும் 40 மி.மீ. உயர்ந்தால் நடுப்படிகளின் உயரம் மாறாது. முதல் படி 40 மி.மீ. கூடும், கடைசிப் படி அதே அளவு குறையும். வீட்டுப் படி 190 மி.மீ.க்கு மேல் உயரக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதற்குள் இருந்தாலும், ஏறி வந்த கால் எதிர்பார்க்கும் உயரத்திலிருந்து ஒரு படி மாறினால் போதும், வயதானவர்கள் இடறுவது அங்கேதான்.

படியிலிருந்து இறங்கி வந்தால், வீட்டைச் சுற்றிய நடைபாதையில் பெரும்பாலும் கம்பியே இருக்காது. அங்கே நோய் மண்ணில் இருக்கிறது. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மண் தள்ளி மூடி, திமிசு போடாமல் மேலே கான்கிரீட் போட்டால் பள்ளத்தின் நீளத்துக்கே தரை அமுங்கும். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, பலகையைத் தூக்கியும் இறக்கியும் முறிக்கும். நூறு மி.மீ. கனத் தரைக்கு மூன்று மீட்டருக்குள் ஒரு ஜாயிண்ட் விடாவிட்டால் கான்கிரீட் தானே தனக்கொரு ஜாயிண்டை விரிசலாக உண்டாக்கிக்கொள்ளும். இங்கே விரிசலில் சிமெண்ட் பால் ஊற்றுவது வீண். அமுங்கிய பலகையை எடுத்து, மண்ணைக் கெட்டித்துத் திரும்பப் போட வேண்டும். போடும்போது வாட்டம் சுவரிலிருந்து வெளியே போக வேண்டும், மீட்டருக்கு 20 மி.மீ. போதும். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் வாய் அந்தப் பலகையின் ஓரத்திலேயே கொட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கொட்டினால், முதலில் அதை நீட்டி மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, அதற்கப்புறம் கொத்தனாரைக் கூப்பிடலாம். வேலை முடிந்த மாலையிலிருந்து ஈரச்சாக்கு போர்த்தி, நம் வெயிலுக்குப் பத்து நாள் கான்கிரீட் காயாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

(தொடரும்)